கவுச்சிக்கு ஒன்று, சைவத்துக்கு ஒன்று

தம்பி, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யாதே. போனில் பேசினால் நான் ஆரம்பிப்பதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நான் குரலை உயர்த்துவேன், கடைசியில் இருவரும் என்ன சமையல் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலை அனுப்புகிறாய். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயில் ஏறினால் உன் வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம். அப்படியிருந்தும் உன் அம்மா கடிதம் எழுதுகிறாள் என்றால் வேறு எந்த வழியிலும் நீ முழுசாகக் கேட்கமாட்டாய் என்று தெரிந்துகொண்டுவிட்டாள் என்று அர்த்தம். கை வலிக்க எழுதுகிறேன் என்று பதறாதே. தடித்த பேனா ஒன்று வாங்கி, அதன் மேல் துணி சுற்றி வைத்திருக்கிறேன். தினமும் காலைக் காப்பிக்குப் பிறகு, விரல்கள் கொஞ்சம் இளகினதும், முடிந்த அளவு எழுதி மூடிவைக்கிறேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். என் உள்ளங்கையில் தையல் போட்ட அன்று, கிளினிக் வாசலில் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நீ ஒரு கேள்வி கேட்டாய். "ஒரு டின்னக்கூடத் தொறக்க முடியல. அப்புறம் எப்படிம்மா தனியா இருப்பீங்க?" உன் மனைவி கவிதா, "என்னங்க, இப்பவா கேக்குறது?" என்றாள். நான் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. உன் வீட்டின் கீழ் அறையைக் காலி செய்தாய். குளியலறையில் கைப்பிடி போட்டாய். என் உயரத்துக்கு ஏற்ற கட்டில் வந்துவிட்டது என்று படம் அனுப்பினாய். நான் குடியிருக்கும் இந்த வீட்டை வாங்க ஆள் பிடித்துக்கொண்டு ஏஜென்ட்டும் வந்துவிட்டார். மாதக் கடைசிக்குள் நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் "பார்ப்போம்" என்கிறேன். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கு இங்கேயே இருக்க வேண்டும். லிப்டில் இறங்கினால் பூக்கடை, எதிரே கோயில், நாலு எட்டு நடந்தால் காய்கறி. என் அடுப்படியில் என்ன எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கவிதா தங்கமான பெண், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தங்கமான பெண்ணின் அடுப்படி அவளுடையது. நான் அங்கே விருந்தாளியாகத்தான் இருக்க முடியும்.

இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்லாமல், உன் கேள்விக்குப் பதில் தேடிப் போனேன். கேள்வி நியாயமானது. சுங்கை வே தொழிற்சாலையில் அரிசியைவிடச் சின்னதாக இருக்கும் பாகங்களை மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து, நல்லது கெட்டது பிரித்துப் போட்டவள் நான். அங்கே ஒரு பொருளைத் தள்ளினால் காரணம் சொல்ல வேண்டும். 'பிடிக்கவில்லை' என்பதெல்லாம் காரணம் கிடையாது. நீ என்னைத் தள்ளியதற்குக் காரணம் சொன்னாய்: டின் திறக்க முடியவில்லை. அப்படியானால் அந்தக் காரணத்தைச் சரிசெய்தால் நான் பாஸ். இதுதான் என் கணக்கு.

முதலில் கை எப்படி வெட்டுப்பட்டது என்ற உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பிறந்தநாளுக்கு நீ ஒரு பேட்டரி ஓப்பனர் வாங்கி வந்தாயே, டின்னின் தலையில் உட்கார வைத்துப் பித்தானை அழுத்தினால் தானே சுற்றி வெட்டுவது, அதை என்னிடம் காட்டுவதற்காக உடனே ஒரு டின்னைத் தேடினாய். கையில் அகப்பட்டது சார்டின் மீன் டின். "பாருங்கம்மா, கையே வேணாம்!" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாய். அது உர்ரென்று சுற்றி வெட்டிவிட்டு நின்றது. கவிதா வெங்காயம் வதக்கி, அந்த சார்டினில் மிளகாய் அரைத்துப் போட்டுச் சம்பல் வைத்தாள். நானும் ரசித்துச் சாப்பிட்டேன். நீங்கள் கிளம்பிப் போன பிறகுதான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெட்டும் சக்கரத்தின் இடுக்கில் மீன் குழம்பு. பேட்டரி மிஷின், தண்ணீரில் போட முடியாது. ஈரத்துணியால் துடைத்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், வாசம் போகவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாமிக்குப் பாயசம் வைக்க டின் பால் வேண்டும். அந்த மிஷினை எடுத்து டின் பக்கம் கொண்டுபோய், அப்படியே நின்றுவிட்டேன். நம் வீட்டில் மேல் தட்டுப் பாத்திரம் சைவம், கீழ்த் தட்டு கவுச்சி. கத்தி இரண்டு, கரண்டி இரண்டு. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் மேல் தட்டுக் கரண்டியைக் கோழிக் குழம்பில் விட்டதற்கு நான் போட்ட கூச்சல் உனக்கு ஞாபகம் இருக்கும். பாயசத்துக்கு அந்த மிஷினை வைத்தால் சாமி கண்ணைக் குத்திவிடும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான். அதைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு சின்னத் திருகு வைத்த என் பழைய ஓப்பனரை எடுத்தேன். அது எப்போதும் சைவம்தான். சார்டின் டின்னையெல்லாம் உன் அப்பா இருந்தவரை கத்தியால் குத்தித்தான் திறப்பார். அந்தப் பழைய திருகைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துச் சுற்ற வேண்டும். முடக்குவாதத்தால் எனக்கு ஒழுங்காகக் கிள்ள வராமல் வருஷக்கணக்காகிறது. பாதி சுற்றி, மூடியை நெம்பி மேலே தூக்கலாம் என்று பார்த்தேன். டின் வழுக்கியது. மூடி ரம்பம் மாதிரி உள்ளங்கையில் இறங்கியது.

நான் போன் செய்ததும் நீ பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தாய். பெட்டிக்குள் மூடிக் கிடந்த மிஷினைப் பார்த்தாய். "வாங்கிக் குடுத்தத ஏம்மா யூஸ் பண்ணல?" என்றாய். ரத்தம் ஊறின துணியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்று, "நீ அதுல மீனத் தொறந்துட்டே" என்று எப்படிச் சொல்வது? நீ சிரிப்பாய், இல்லாவிட்டால் கத்துவாய் என்று நினைத்து, "மறந்துட்டேன்" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிக முட்டாள்தனமான பதில் அது. கைதான் போய்விட்டது என்று நினைத்திருந்த நீ, மூளையும் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டாய். அடுத்த வாரமே கவிதா, "அத்தை, இன்னிக்கு என்ன கிழம?" என்று பேச்சுவாக்கில் கேட்டாள். நான் கிழமையும் சொல்லி, அன்றைக்கு எந்த ராசிக்குச் சந்திராஷ்டமம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

தையல் பிரித்ததும் கைப்பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் டின் திறக்க வழி கேட்டேன். ஆஸ்பத்திரியில் என் கையை வாங்கித் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்ப்பாளே, அவள்தான். டின் திறப்பதை எனக்கு நடித்துக் காட்டச் சொன்னாள். நான் காற்றில் நடித்தேன். "ஆன்டி, நீங்க ரெண்டு வேலைய ஒரே நேரத்துல செய்றீங்க. ஒரு கை விடாம அமுக்கணும், இன்னொரு கை விடாம திருகணும். ரெண்டும் உங்க மூட்டுக்கு ஆகாது. அமுக்குற வேலைய ஓப்பனரே செய்யணும். நீங்க திருகுனா மட்டும் போதும். அந்த மாதிரி பாருங்க" என்றாள். இவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒருநாள் பங்சாரில் உள்ள பெரிய பாத்திரக் கடைக்குப் போனேன். கைப்பையில் ஒரு பால் டின்னை எடுத்துக்கொண்டுதான் போனேன். சோதிக்காமல் எதையும் வாங்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. அங்கிருந்த விற்பனைப் பெண் ஒரு வரிசை ஓப்பனர்களைக் காட்டினாள். "ஆன்டி, இதுதான் நல்லா ஓடுது லா. எல்லாரும் இதத்தான் எடுக்குறாங்க." நான் சொன்னேன், "எல்லாருக்கும் கை நல்லா இருக்கும்மா. எனக்கு இருக்குற கைக்கு ஒண்ணு குடு." சொல்லிவிட்டு டின்னை எடுத்து மேசை மேல் வைத்தேன். அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ ஆன்டி, இங்க தொறக்கக் கூடாது! மேல கேமரா இருக்கு." "பால் டின்தான்மா, பாம் இல்ல," என்றேன். சூப்பர்வைசர் வந்தார், என் விரல்களைப் பார்த்தார், திறக்கட்டும் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். பிறகு நாங்கள் இருவரும் ஒவ்வொன்றாக எடுத்து டின்னின் விளிம்பில் மாட்டிப் பார்த்தோம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படி, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கை பலம் இல்லாத ஒருவருக்கு டின் ஓப்பனர் வாங்கினால், கைப்பிடி கட்டைவிரல் பருமனாவது இருக்க வேண்டும், மேலே ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். மெல்லிய இரும்புப் பிடி மூட்டிலேயே போய் அழுத்தும். திருகு நீளமாக இருக்க வேண்டும். நீளத் திருகை விரல்களால் கிள்ளாமல் உள்ளங்கையால் தள்ளியே சுற்றிவிடலாம். முக்கியமானது, விளிம்பில் மாட்டி ஒரு முறை மூடினால் அது தானே கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். கையை எடுத்தாலும் விழக்கூடாது. நான் கடையில் மாட்டிவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தேன். தொங்கி விழுந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்புறம், அது மூடியை மேலிருந்து குத்தி வெட்டக்கூடாது. விளிம்பின் பக்கவாட்டில் வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் மூடி முழுசாகக் கழன்று வரும், ஓரம் கையை வெட்டாது, மூடி குழம்புக்குள் விழாது. தண்ணீரில் போட்டுக் கழுவ முடிய வேண்டும். பேட்டரி மிஷினை நான் குறை சொல்லவில்லை. கையை ஆட்டவே முடியாதவர்களுக்கு அது தெய்வம். ஆனால் அதைத் தூக்கி வைக்கவும் பலம் வேண்டும், பேட்டரி மூடியை நகத்தால் நெம்பவும் வேண்டும். நசுங்கின டின் என்றால் அது பாதியில் நின்றுவிடும். வளையத்தைப் பிடித்து இழுத்துத் திறக்கும் டின் இருக்கிறதே, அதுதான் இருப்பதிலேயே மோசம். ஒற்றை விரலால் அவ்வளவு பலத்தையும் இழுக்கச் சொல்கிறார்கள். வளையத்துக்குள் கரண்டிக் காம்பை விட்டு நெம்பினால் வரும், ஆனால் கழன்று வரும் மூடியின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். நான் அதை வாங்குவதையே விட்டுவிட்டேன். எதை வாங்கினாலும் டின்னுக்கு அடியில் ஈரத்துணி போட வேண்டும். கை நல்லா இருக்கும் மத்தியான நேரத்தில் சோதிக்கக் கூடாது, எழுந்தவுடன், விரல் மடங்காத நேரத்தில் சோதிக்க வேண்டும்.

கடைசியில் ஒன்று நின்றது. மாட்டினேன், கவ்வியது, உள்ளங்கையால் தள்ளினேன், சுற்றியது. மூடி அப்படியே கழன்று வந்தது. அந்தப் பெண் கை தட்டினாள். திறந்த பாலைக் கடைக்காரர்களே காப்பிக்கு எடுத்துக்கொண்டார்கள். "ரெண்டு குடும்மா," என்றேன். "ரெண்டா? ஒண்ணு கிஃப்டா ஆன்டி?" "இல்லம்மா. வெள்ளப் பிடி சைவம், செவப்புப் பிடி கவுச்சி." அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எங்கம்மாவும் அப்படித்தான் ஆன்டி. நான் பொரிச்ச கோழி தின்ன கையோட பிரிட்ஜத் தொட்டாலே திட்டு விழும்," என்றாள். உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டு நான் கையை அறுத்துக்கொண்ட விஷயம், ஒரு கடைப் பெண்ணுக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. ரயிலில் வரும்போது எனக்கே சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து, காலையில் எழுந்தவுடன் இரண்டையும் சோதித்தேன். சிவப்பும் வெள்ளையும் ஒரே மாதிரி சுற்றின. அவை நல்ல ஓப்பனர்கள். இதைக் குறித்துக்கொள்.

போன ஞாயிறு நீயும் கவிதாவும் வந்தீர்கள். ஏஜென்ட் கொடுத்த காகிதங்கள் உன் கையில் இருந்தன. நான் அதைப் பார்க்காத மாதிரி ஈரத்துணியை விரித்து, பால் டின்னை வைத்து, வெள்ளைப் பிடியை மாட்டி, உங்கள் கண் முன்னாலேயே சுற்றினேன். மூடியைத் தூக்கிக் காட்டியபோது கவிதா, "அத்தை, சூப்பர் லா!" என்று கத்தினாள். நீயும் சிரித்தாய். "சரி, நீங்க ஜெயிச்சிட்டீங்க. இருங்க இங்கயே," என்றாய். உன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. முகத்தில் காட்டவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் சார்டின் டின்னை எடுத்து வைத்து, சம்பல் வைக்கலாம் என்றேன். கவிதா அடுப்பைப் பற்ற வைத்து, எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு வெங்காயம் வதக்கினாள். நீ, "குடுங்க, நானும் பாக்குறேன்," என்று சிவப்புப் பிடியை வாங்கினாய்.

மாட்டினாய். கவ்வியது. திருகினாய். கால் சுற்று போனது. நீ வலது கையை விட்டு இடது கையால் திருகினாய். உன் வாய் கோணியது. பிறகு மறுபடி வலது கை. அப்புறம் டின்னை மேசை மேல் தள்ளிவிட்டு, "இது பிளேடு மொட்டையா இருக்கும்மா. மாத்திக் குடுக்கச் சொல்லுங்க," என்றாய். நான், "குடு பாப்போம்," என்று கை நீட்டுவதற்குள், "யாரோ கூப்புடுறாங்க," என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடைபாதைக்குப் போய்விட்டாய். போன் அடிக்கவில்லை, தம்பி. திரை கறுப்பாகத்தான் இருந்தது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். நீ ஒரு கையை எதிர்ப்பக்க அக்குளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாய். அப்படி நிற்பது யாருக்கும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. நான் வருஷக்கணக்காகத் தொழிற்சாலைக் கழிவறையில் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

சம்பல் வைக்கவில்லை. உனக்கு அவசர வேலை வந்துவிட்டது என்றாய். வெங்காயம் வதங்கினது வதங்கினபடி கிடக்க, இரண்டு பேரும் கிளம்பினீர்கள். கார்ச் சாவியை கவிதாவிடம் கொடுத்தாய். நீங்கள் போனதும் நான் அந்தச் சிவப்புப் பிடியை எடுத்து, நீ விட்ட இடத்திலிருந்து, வளைந்துபோன இந்தக் கையால் தள்ளினேன். சுற்றியது. சத்தமில்லாமல் முழுசும் சுற்றி மூடி கழன்றது. பிளேடு மொட்டை இல்லை. அந்தச் சார்டினை அப்படியே மூடி வைத்தேன், மறுநாள் எடுத்துக் கீழே பூனைக்குப் போட்டேன்.

ஒரு பாகம் கெட்டிருந்தால் அது தற்செயல் என்போம். அதே குறை திரும்பத் திரும்ப வந்தால் மிஷினை நிறுத்திப் பார்ப்போம். நான் பின்னோக்கி யோசித்துப் பார்த்தேன். கொஞ்ச நாளாக நீ காப்பிக் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக் குடிக்கிறாய். காலையில் எங்கேயாவது போக வேண்டும் என்றால் கவிதாதான் வண்டி ஓட்டுகிறாள், உனக்குத் தூக்கம் போதவில்லையாம். கல்யாண மோதிரம் விரலில் இல்லை. கேட்டதற்கு ஜிம்மில் கழற்றி வைத்தேன் என்றாய். நீ எந்த ஜிம்முக்குப் போகிறாய்? மோதிரத்தை நீயாகக் கழற்றினாயா, விரல் வீங்கிக் கழற்ற வேண்டி வந்ததா? இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பார்த்தும் புத்தியில் ஏறவில்லை, ஏனென்றால் அந்த நேரமெல்லாம் என் கையைப் பற்றி மட்டுமே நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, கிட்டத்தட்ட உன் வயதில். காலையில் விரல் மடங்காது, பத்துமணிக்கு மேல் சரியாகிவிடும். சரியாகிவிட்டதே என்று நானும் விட்டுவிடுவேன். மைக்ராஸ்கோப் வேலைக்குக் கை நடுங்கக்கூடாது. தெரிந்தால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள், சம்பளம் குறையும். ஓவர்டைம் வலி என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன். கடைசியில் டாக்டரிடம் போனபோது அவர் திட்டவில்லை. "முன்னாடியே வந்திருந்தா வெரல் இப்படி வளைய விட்டிருக்க மாட்டோம்மா," என்று மட்டும் சொன்னார். இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. சீக்கிரம் ஆரம்பித்தால் நிறையப் பேருக்கு விரல் நேராகவே நிற்கிறது. ஆஸ்பத்திரியில் என்னோடு வரிசையில் உட்காரும் பெண்களைப் பார்க்கிறேன், அவர்கள் கையைப் பார்த்தால் நோய் இருப்பதே தெரியாது. எல்லாருக்கும் தாயிடமிருந்து வரும் என்றும் இல்லை, வராது என்றும் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் கொஞ்சமாவது தெரியும்.

நீ ஏன் மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். துறைமுகத்துப் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கிறவனைத் தூக்கி மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம் ஒன்று. அது பரவாயில்லை, அது புரிகிற பயம். இன்னொன்று இருக்கிறது. அம்மாவைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறவனுக்கே கை முடியாது என்றால் எப்படி என்று நினைக்கிறாய். அதனால்தான் அந்தக் கைப்பிடியும் கட்டிலும் இவ்வளவு வேகமாக வந்தன. உன்னால் முடியும்போதே எனக்கு எல்லாவற்றையும் செய்து முடித்துவிட வேண்டும் என்று ஓடியிருக்கிறாய். இது புரிந்த அன்று நான் அழுதேன், தம்பி. என் கையைப் பார்த்து நான் ஒருநாளும் அழுததில்லை. உன் கையை நினைத்து அழுதேன். கவிதாவிடம் இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நீ.

ஆகையால் இந்தக் கடிதத்தோடு சிவப்புப் பிடியையும் வைத்துக் கூரியரில் அனுப்புகிறேன், சனிக்கிழமை வந்துவிடும். கவுச்சி ஓப்பனர்தான், உன் வீட்டில் சைவம், கவுச்சி என்று பிரித்துப் பார்க்கும் கேள்வி இல்லை. கூடவே ஒரு சார்டின் டின்னும் இருக்கிறது. இதைப் படித்த மறுநாள் காலை எழுந்தவுடன், சுடுதண்ணீரில் கையை விடாமல், காப்பி குடிக்காமல், கவிதா எழுவதற்கு முன்னால், டின்னுக்கு அடியில் ஈரத்துணி போட்டு மாட்டு. உள்ளங்கையால் தள்ளு. நான் மேலே எழுதியதெல்லாம் எனக்காக எழுதியது இல்லை, உனக்காகத்தான். ஞாபகம் வைத்துக்கொண்டு செய்.

திறந்துவிட்டால் எனக்குப் போன் செய். "அம்மா, நீங்க வீணா பயந்துட்டீங்க," என்று வாய்விட்டுச் சிரி, எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன், நீயே ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி. ஆனாலும் ஒரு தடவை ரத்தம் எடுத்துவிடு, என் திருப்திக்காக. திறக்காவிட்டால் எனக்குப் போன் செய்யாதே, சமாதானம் சொல்லாதே. கவிதாவை எழுப்பிக் கையைக் காட்டு. அப்படியே கிளினிக்குக் கிளம்பு. நான் ஏஜென்ட்டிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். அந்தக் கீழ் அறையில் இருந்துகொண்டு, காலையில் உங்கள் வீட்டு டின்களை நான் திறக்கிறேன். என்னால் முடிகிறது, நீயே பார்த்தாய். விருந்தாளியாக இருக்க மாட்டேன் என்று கவிதாவிடம் முன்கூட்டியே சொல்லிவை. அடுப்படியில் மேல் தட்டு எனக்கு வேண்டும்.

இந்த ஒரு மாதமாக நான் வேண்டிக்கொண்டதெல்லாம் என் கையால் ஒரு டின் திறக்க வேண்டும் என்றுதான். இன்றைக்குக் காலை வெள்ளிக்கிழமைப் பாயசத்துக்குப் பால் டின்னைத் திறந்தேன், சுலபமாகத் திறந்தது, எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. விளக்கேற்றிவிட்டு உன் டின் திறக்க வேண்டும் என்று கும்பிட்டேன். வருகிற ஞாயிறு மத்தியானம் வரைக்கும் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். அது அடிக்கவில்லை என்றால் மேல் தட்டுப் பாத்திரங்களை முதலில் கட்டுகிறேன்.

அம்மா